குறித்த நேரத்துக்குப் பஸ் விட்ட குறுங்குடிக்காரர்

டி.வி.சுந்தரம் ஐயங்கார் வாழ்க்கை வரலாறு

டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகளைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை. மொபெட்டில் அந்த எழுத்துகள் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளில் இருக்கின்றன. பந்தய மைதானத்தில் பறக்கும் வண்டிகளிலும் இருக்கின்றன.

ஆனால் முதல் எழுத்தாகிய டி. எதைக் குறிக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அது ஒரு ஊரின் பெயர். திருக்குறுங்குடி என்பது அந்த ஊர். வி. என்பது தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. எஸ். என்பது சுந்தரம்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, தென்னாட்டில் மோட்டார் தொழிலுக்கு அடிக்கல் நாட்டிய டி.வி.சுந்தரம் ஐயங்காரின் கதை இது. சாலையில் எல்லோரும் வேகத்துக்குப் போட்டி போட்ட காலத்தில், அவர் நேரத்தோடு போட்டி போட்டார். அதனால்தான் ஜெயித்தார்.

பஞ்சத்தில் பிறந்த பிள்ளை

திருக்குறுங்குடி, திருநெல்வேலிக்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. வைணவர்களின் 108 திருப்பதிகளில் ஒன்று. நம்பி கோவிலால் புகழ் பெற்றது.

அங்கே 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந்தேதி சுந்தரம் பிறந்தார்.

அது பொல்லாத காலம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். ரயில் போன ஊர்களுக்கு வெளியிலிருந்து அரிசி வந்து சேர்ந்தது. ரயில் போகாத ஊர்களுக்கு மாட்டு வண்டியில்தான் வரவேண்டும். தீவனம் இல்லாமல் மாடுகளும் செத்து விழுந்தன. வண்டி இழுக்க மாடு இல்லை.

சாலையும் வண்டியும் இல்லாவிட்டால் சோறும் இல்லை என்பதை அந்தப் பஞ்சம் நாட்டுக்குக் காட்டியது.

திருநெல்வேலிக்கு ரயில் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். 1876-ல் வந்தது. ஆனால் குறுங்குடிக்காரர்கள் அந்த ரயிலைப் பிடிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போகவேண்டும். மாட்டு வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர்தான் போகும். இரவெல்லாம் பயணம் செய்து, நாங்குநேரி வழியாகப் பாளையங்கோட்டைக்கு வந்து, தாமிரபரணியைத் தாண்டினால்தான் ரயில் நிலையம்.

தாமிரபரணியைத் தாண்டப் பாலம் இருந்தது. அது 1843-ல் கட்டப்பட்டது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அதைக் கட்ட வைத்தார். அதற்கு முன் ஆற்றைக் கடக்கப் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவர் சுந்தரம். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவது எவ்வளவு பெரிய பாடு என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

மூன்று வேலைகள்

அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டே வழிகள். ஒன்று வக்கீல். மற்றொன்று சர்க்கார் உத்தியோகம்.

சுந்தரத்தை வக்கீலாகப் பார்க்கத் தகப்பனார் ஆசைப்பட்டார். மகனும் தட்டவில்லை. வக்கீல் தொழில் பார்த்தார். மனம் ஒட்டவில்லை. பிறகு ரயில்வேயில் சேர்ந்தார். அதிலும் நிலைக்கவில்லை. அதன்பின் ஒரு பாங்கியில் வேலை பார்த்தார்.

மூன்றுமே மதிப்பான வேலைகள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைகள். வீட்டில் மனைவி லட்சுமி அம்மாளும் குழந்தைகளும் இருந்தார்கள். 1904-ல் திருநெல்வேலியில் மகள் சவுந்தரம் பிறந்திருந்தாள்.

அப்படியும் அவர் வேலையை உதறினார். சொந்தத் தொழில் செய்வது என்று முடிவு செய்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

அந்த நாளில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல. படித்தவன் கையில் எண்ணெயும் கரியும் படுவது இழிவு என்று நினைத்த காலம் அது.

திருநெல்வேலிச் சீமை அப்போது கொதித்துக்கொண்டும் இருந்தது. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையருக்குப் போட்டியாகக் கடலில் கப்பல் விட்டார். 1908-ல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். சுதேசிக் கப்பல் கம்பெனியும் நொடித்தது.

வ.உ.சி. சிறையில் இருந்தபோதுதான், அதே மாவட்டத்துக்காரர் ஒருவர் தரையில் வண்டி விடத் துணிந்தார்.

மோட்டார் வந்த காலம்

மோட்டார் வண்டி உலகுக்கே புதிது. அதைப் பார்த்து மக்கள் வியந்தார்கள், பயந்தார்கள். இங்கிலாந்தில் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்று 1903-ல் சட்டம் போட்டார்கள். மீறினால் அபராதம்.

வேகமாக ஓட்டிப் பார்க்க இடம் இல்லாமல் கார் செய்கிறவர்கள் தவித்தார்கள். அப்போது ஹக் லாக் கிங் என்ற நிலச்சுவான்தார் முன்வந்தார். தம் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில், கார் ஓட்டுவதற்கென்றே வட்டமான சிமெண்டுப் பாதை ஒன்றைக் கட்டினார். புரூக்லாண்ட்ஸ் என்பது அதன் பெயர். 1907-ம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. சுற்றளவு இரண்டே முக்கால் மைல்.

மோட்டார் பந்தயத்துக்காகவே உலகில் முதன் முதலாகக் கட்டப்பட்ட பெரிய மைதானம் அதுதான். பந்தயம் வைக்க வேண்டுமானால் சாலையை விட்டுத் தனி இடத்துக்குப் போகவேண்டும் என்ற வழக்கத்துக்கு அது வழி காட்டியது.

புரூக்லாண்ட்ஸ் திறந்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1911-ல் சுந்தரம் ஐயங்கார் மோட்டார் தொழிலில் இறங்கினார். அடுத்த ஆண்டு மதுரையில் அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அதுவே அடிக்கல்.

சாலையே பந்தய மைதானம்

அந்தக் காலத்துப் பஸ்ஸை இன்று பார்த்தால் சிரிப்பு வரும். என்ஜினும் அடிச்சட்டமும் சீமையிலிருந்து கப்பலில் வரும். அதன்மேல் இங்கே தச்சர்கள் மரத்தால் கூண்டு கட்டுவார்கள். முன்புறம் இரும்புக் கம்பியைச் செருகி, கையால் சுழற்றித்தான் என்ஜினைக் கிளப்ப வேண்டும். வழியில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றவேண்டும். சாலையோ சரளைக்கல் சாலை. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி.

நாள் ஆக ஆகப் பஸ் முதலாளிகள் பெருகினார்கள். ஒரு வண்டி வைத்திருந்தாலும் முதலாளிதான். ஒரே சாலையில் பல வண்டிகள்.

ஆள் நிரம்பினால்தான் பஸ் புறப்படும். காலையில் வந்து ஏறியவர்கள் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பார்கள். புறப்பட்டுவிட்டாலோ தலைகால் தெரியாத வேகம். முன்னால் போகும் வண்டியை முந்தினால்தான் அடுத்த ஊரில் நிற்கும் ஆட்களை ஏற்றலாம். ஆகவே சாலையில் தினமும் பந்தயம்.

அந்தப் பந்தயத்துக்கு வேலி கிடையாது. பார்க்க வந்த கூட்டம் கிடையாது. வண்டிக்குள் இருந்தவர்கள் கைக்குழந்தையோடு கலியாணத்துக்குப் போகும் தாய்மார்கள். காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகும் விவசாயிகள். அவர்கள் உயிர்தான் பந்தயப் பணம்.

இந்தப் போட்டியில் சுந்தரம் ஐயங்கார் சேரவில்லை. அவர் வேறு கணக்குப் போட்டார்.

அவர் போட்ட கணக்கு

வாசகர்களும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

40 மைல் தூரம் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 மைல் வேகத்தில் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். 30 மைல் வேகத்தில் பறந்தால் ஒரு மணி 20 நிமிஷம். மிச்சம் 40 நிமிஷம்.

ஆனால் வழியில் ஒரு டயர் பஞ்சர் ஆனால் அந்த 40 நிமிஷமும் போய்விடும். என்ஜின் நின்றுவிட்டால் அன்றைய பிழைப்பே போய்விடும். ஆள் சேரக் காத்திருந்தாலும் அப்படித்தான்.

ஆகவே, சீக்கிரம் போய்ச் சேர வழி வேகமாக ஓட்டுவது மட்டும் இல்லை. நிற்காமல் ஓட்டவேண்டும். அதற்கு வண்டி பழுது இல்லாமல் இருக்கவேண்டும். குறித்த நேரத்தில் புறப்படவேண்டும்.

ஆள் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் அவருடைய பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. முதலில் அதில் நஷ்டம்தான். காலி இடங்களோடு ஓடும் வண்டிக்கும் பெட்ரோல் செலவு உண்டு. ஆனால் இந்தப் பஸ்ஸை நம்பிப் போகலாம் என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போகிறவர்களும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும், ரயில் பிடிக்கப் போகிறவர்களும் அந்தப் பஸ்ஸைத் தேடி வந்தார்கள். காலி இடங்கள் நிரம்பின.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள் என்று மதுரைச் சீமையில் இன்றும் சொல்வது உண்டு.

ஆணி பொறுக்கிய காந்தம்

இன்னொரு சங்கதியும் சொல்வார்கள். அது சுவையானது.

அந்தக் காலத்தில் சாலையில் போகும் மாடுகளின் குளம்புக்கு லாடம் அடித்திருப்பார்கள். நடக்க நடக்க லாடத்து ஆணி கழன்று சாலையில் விழும். அது டயரில் குத்தினால் பஞ்சர்.

இதற்கு டிரைவரைத் திட்டிப் பயன் இல்லை. மாட்டுக்காரரோடு சண்டை போட்டும் பயன் இல்லை. ஆகவே, பஸ் புறப்படும் முன்பே பெரிய காந்தம் கட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி, கிடக்கும் ஆணிகளை எல்லாம் பொறுக்க ஏற்பாடு செய்தார்களாம்.

எளிய யோசனைதான். ஆனால் கெட்டுப்போன பின் பழுது பார்ப்பதைவிட, கெடாமல் பார்ப்பது மேல் என்ற அவருடைய முறை முழுவதும் அதில் அடங்கி இருக்கிறது.

தொழில் வளர்ந்தது. மதுரை மேல வெளி வீதி அதன் தலைமை இடம் ஆயிற்று. சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. சுந்தரம் மோட்டார்ஸ், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது. உதிரிச் சாமான்கள் விற்க மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஏற்பட்டது.

1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. எந்தப் பஸ் எந்தச் சாலையில் ஓடலாம் என்பதற்குப் பெர்மிட் முறை பலப்பட்டது. சாலைப் பந்தயத்துக்குச் சர்க்கார் கடிவாளம் போட்டது. நேரத்துக்கு ஓடிப் பழகிய பஸ்ஸுக்கு அது பாரமாக இல்லை.

மகளின் கண்ணீர்

தொழிலில் துணிந்தவருக்கு வீட்டில் ஒரு சோதனை வந்தது.

மகள் சவுந்தரத்துக்கு 14-வது வயதில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை சவுந்தரராஜன் ஒரு டாக்டர். பிளேக் நோய் பரவியபோது அந்த நோய் அவரைப் பற்றியது. அவர் இறந்துபோனார். மிக இளம் வயதிலேயே சவுந்தரம் விதவை ஆனாள்.

அக்கால வைதிகக் குடும்பத்தில் விதவையின் கதி என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டின் பின்கட்டோடு வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம்.

மனைவி மேலே படிக்கவேண்டும் என்பது கணவரின் ஆசை. பெற்றோர் அதற்குத் தடையாக நிற்கவில்லை. மகளை டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள். டெல்லியில் உள்ள லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-ல் சவுந்தரம் டாக்டர் ஆனார்.

டெல்லியில் காந்தி அடிகளின் தொடர்பு ஏற்பட்டது. காந்தியத் தொண்டர் ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். அவர் கேரளத்துக்காரர்; வேறு ஜாதி. பெண்ணோ விதவை. ஐயங்கார் குடும்பத்துக்கு இது எளிதில் செரிக்கும் விஷயமாக இல்லை.

ஒரு ஆண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் பிரிந்திருங்கள். அப்போதும் மனம் மாறாவிட்டால் மணம் செய்துகொள்ளுங்கள் என்பது காந்தி அடிகள் சொன்ன வழி. மனம் மாறவில்லை. 1940-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி காந்தி அடிகளின் ஆசியோடு திருமணம் நடந்தது.

அந்தத் தம்பதிகள்தான் 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். டாக்டர் சவுந்தரம் பிற்காலத்தில் மத்திய சர்க்காரில் கல்வித் துணை மந்திரியாகவும் இருந்தார். பின்கட்டில் முடங்கியிருக்க வேண்டிய ஒரு பெண்ணின் கையால் பல கிராமங்களுக்கு மருந்தும் கல்வியும் கிடைத்தன.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம். கிடைத்த பெட்ரோல் எல்லாம் ராணுவத்துக்குப் போயிற்று. பஸ்கள் ஆங்காங்கே முடங்கின.

1942-ல் மலாயாவை ஜப்பானியர் பிடித்தார்கள். ரப்பர் வரவும் குறைந்தது. டயர் கிடைப்பது குதிரைக் கொம்பு ஆயிற்று.

அப்போது சுந்தரம் ஐயங்காருக்கு வயது அறுபதுக்கு மேல். வண்டிகளை ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போர் முடியும்வரை காத்திருக்கலாம். அவர் காத்திருக்கவில்லை. டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கருவியைத் தயாரித்தார்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். பஸ்ஸில் ஓர் இரும்புப் பீப்பாய் பொருத்தப்படும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டுவார்கள். காற்றை அளவாக விட்டால் கரி முழுவதும் எரியாமல், எரியக்கூடிய ஒரு வாயு உண்டாகும். அந்த வாயுவைச் சாம்பலும் தூசியும் இல்லாமல் வடிகட்டி, ஆறவைத்து, குழாய் வழியாக என்ஜினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோல் ஆவிக்குப் பதிலாக என்ஜினுக்குள் அது எரியும். வண்டி ஓடும்.

பெட்ரோலின் பலம் இதற்குக் கிடையாது. மேடு வந்தால் வண்டி திணறும். கிளம்பும் முன் வெகுநேரம் தீயை விசிறவேண்டும். கிளீனரின் முகம் எல்லாம் கரி. அந்த வாயு மூச்சில் ஏறினால் விஷம். ஆகவே ஜாக்கிரதை வேண்டும்.

ஆனாலும் பஸ் ஓடியது. வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, ஓட்டம் நிற்கக்கூடாது என்று நினைத்தவருக்கு அதுதான் வெற்றி.

தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல், அதன்மேல் புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட வைக்கும் ரிட்ரெடிங் தொழிலையும் அவர் தொடங்கினார்.

மலைமேல் முடிந்த வாழ்வு

முதுமையில் தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். கொடைக்கானலில் 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி, தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 78.

பிள்ளைகள் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோர் தொழிலைப் பெருக்கினார்கள். சந்தானம் 1954-ல் தொடங்கிய சுந்தரம் பைனான்ஸ், லாரியும் பஸ்ஸும் வாங்கக் கடன் கொடுத்தது. 1962-ல் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி தொடங்கி, வண்டிகளுக்குப் பிரேக் செய்தது. பிரேக்ஸ் இந்தியா கம்பெனியும் அதே ஆண்டில் வந்தது.

மதுரையில் ஓடிய டி.வி.எஸ். பஸ்களைத் தமிழ்நாடு அரசு 1972-ல் எடுத்துக்கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது.

பிரேக் முதலில், பந்தயம் பிறகு

நம் நாட்டிலும் பந்தயத்துக்குத் தனி இடம் வந்தது. 1953-ல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை சும்மா கிடந்தது. அதில் கார் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடத்தினார்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் பார்க்கக் கூடினார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே பாதை அமைத்து, 1990-ல் திறந்தார்கள்.

சுந்தரம் ஐயங்காரின் குடும்பமும் பந்தயத்துக்கு வந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் விற்பனைக்கு வந்தது. 1982-ல் டி.வி.எஸ். ரேசிங் என்ற பந்தய அணி ஏற்பட்டது.

ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 1962-ல் பிரேக் செய்தார்கள். 20 ஆண்டுகள் கழித்துத்தான் பந்தயத்தில் இறங்கினார்கள். அதுவும் சாலையில் இல்லை. அதற்கென்று உள்ள மைதானத்தில்.

வேகம் தப்பு என்று சுந்தரம் ஐயங்கார் எண்ணியதாக யாரும் நினைக்கவேண்டாம். மோட்டார் தொழிலையே நம்பி வாழ்ந்தவர் அவர். ஆனால் சாலையில் வண்டி ஓட்டுகிறவர், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குக் கடன்பட்டவர். அவர்களைச் சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்தில், முழு உடம்போடு இறக்கிவிட வேண்டும். அந்தக் கடனை அவர் நடத்திய பஸ்கள் ஒழுங்காகத் தீர்த்தன.

பஸ் வருவதற்கு 5 நிமிஷம் தாமதம் ஆனாலும் இன்று நாம் எட்டிப் பார்க்கிறோம், சலித்துக்கொள்கிறோம். பஸ் என்றால் நேரத்துக்கு வரவேண்டும் என்ற எண்ணத்தை நம் மனதில் பதிய வைத்தவர்களில் முதல்வர், திருக்குறுங்குடி சுந்தரம் ஐயங்கார்.